கணக்கு நோட்டை அப்பாவிடமே திருப்பிக் கொடுங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. ஓய்வு பெறும் வரை கணக்கு எழுதுவதுதான் அவர் தொழில். கடந்த ஒரு வருடமாகச் சொன்னதையே திரும்பச் சொல்கிறார், வைத்த பொருளைத் தேடுகிறார், இரண்டு முறை ஒரே பில்லைக் கட்டிவிட்டார். குளிப்பது, உடுத்துவது, வெளியே போய் வருவது எல்லாம் பழையபடிதான். டாக்டர் பரிசோதித்துவிட்டு ‘மைல்ட் காக்னிட்டிவ் இம்பேர்மென்ட்’ என்றார், ஞாபகத்தையும் யோசிக்கும் திறனையும் அளக்கும் மோகா டெஸ்ட்டில் 30க்கு 23. மாத்திரை எதுவும் தராமல் ஆறு மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார். ஏற்கெனவே பி.பி.க்கும் சுகருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார், தூக்கத்துக்கு ஒன்றைத் தானாகவே கடையில் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். டிவி சத்தம் வீட்டையே தூக்குகிறது. பயந்துபோய் வீட்டுக் கணக்கு, வங்கி வேலை எல்லாவற்றையும் நானே வாங்கிக்கொண்டேன். ஞாபக சக்தி மாத்திரையும், போனில் மூளைப் பயிற்சி விளையாட்டும் வாங்கித் தந்தேன். விளையாடச் சொன்னால் எரிந்து விழுகிறார். நோயின் பெயரை அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. என்ன மாத்திரை, என்ன பயிற்சி கொடுத்தால் அவர் மூளையைக் காப்பாற்றலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டிருப்பது மாத்திரையும் பயிற்சியும். ஆனால் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, டிவி சத்தம், கடையில் வாங்கும் தூக்க மாத்திரை, கணக்கை நீங்கள் வாங்கிக்கொண்டது, நோயின் பெயரை மறைத்தது, அப்பாவுக்கு இன்று செய்யக்கூடிய உதவியில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. அதனால் வரிசையை மாற்றி, அங்கிருந்தே பேசுகிறேன்.

அதற்கு முன் அந்தப் பெயரைப் பற்றிக் கொஞ்சம். மைல்ட் காக்னிட்டிவ் இம்பேர்மென்ட், சுருக்கமாக எம்.சி.ஐ., என்றால் வயதுக்கு எதிர்பார்ப்பதைவிட ஞாபகமோ யோசிக்கும் திறனோ குறைந்திருக்கிறது, ஆனால் ஆள் தன் அன்றாட வாழ்க்கையைத் தானே நடத்திக்கொள்கிறார் என்று அர்த்தம். டிமென்ஷியா, அதாவது மறதி நோய், என்று சொல்ல வேண்டுமானால் அந்த இரண்டாவது பகுதி உடைந்திருக்க வேண்டும். அப்பாவுக்கு உடையவில்லை. ‘அப்போ இது டிமென்ஷியாவின் முதல் படிதானே’ என்று உடனே கேட்பீர்கள். சிலருக்கு ஆமாம், எல்லோருக்கும் இல்லை. அமெரிக்க நரம்பியல் அகாடமி 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 65 வயதைத் தாண்டிய எம்.சி.ஐ. உள்ளவர்களில் இரண்டு வருடத்தில் டிமென்ஷியா வந்தவர்கள் சுமார் 15 சதவீதம் என்கிறது. மீதிப் பேரில் பலர் அப்படியே இருக்கிறார்கள், சிலருக்கு அடுத்த பரிசோதனையில் மதிப்பெண் இயல்பு நிலைக்கே திரும்பிவிடுகிறது. அப்படித் திரும்பியவர்களுக்கும் பின்னாளில் ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல்தான், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் இரண்டு வருடம் என்பது பெரிய அவகாசம், அதை நாம் வீணாக்கக் கூடாது.

அந்த 23ஐயும் ரொம்பப் பிடித்துக்கொள்ளாதீர்கள். மோகா டெஸ்ட்டில் 26ம் அதற்கு மேலும் இயல்பு என்று வைத்திருக்கிறார்கள், பள்ளி, கல்லூரி எல்லாம் சேர்த்து 12 வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டித் தருவதும் வழக்கம். டெஸ்ட் எடுப்பவர் ஐந்து வார்த்தைகளை வாசிப்பார், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பச் சொல்ல வேண்டும். காது சரியாகக் கேட்காத ஒருவருக்கு அந்த ஐந்து வார்த்தையும் முதலில் உள்ளே போயிருக்குமா என்பதே சந்தேகம். முந்தின இரவு தூக்க மாத்திரை போட்டிருந்தால் அதுவும் மதிப்பெண்ணைக் குறைக்கும். எனவே இப்போது கையில் இருப்பது, காதையும் மாத்திரையையும் சரிசெய்யாமல் எடுத்த மதிப்பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மாத்திரையிலிருந்தே தொடங்குவோம், கொடுக்க வேண்டியதிலிருந்து இல்லை, நிறுத்த வேண்டியதிலிருந்து. அப்பா விழுங்கும் எல்லாவற்றையும் ஒரு பையில் போடுங்கள். டாக்டர் எழுதியது, தானாக வாங்கியது, சளிக்கு, அரிப்புக்கு, சிறுநீர் அடிக்கடி போவதற்கு, நீங்கள் வாங்கித் தந்த ஞாபக சக்தி மாத்திரை உட்பட எல்லாம். அந்தப் பையோடு அவரைப் பார்க்கும் டாக்டரிடம் போய், ‘இதில் எது மூளையை மந்தமாக்கும்?’ என்று நேராகக் கேளுங்கள். மூளையில் ஞாபகத்துக்கும் கவனத்துக்கும் அசிட்டைல்கோலின் என்று ஒரு ரசாயனம் வேண்டும், டிமென்ஷியாவில் மிகப் பரவலான வகையான அல்சைமரில் முதலில் குறையத் தொடங்குபவற்றில் அதுவும் ஒன்று. அதை மேலும் தடுக்கிற மருந்துகள் மிகச் சாதாரணமாகப் புழக்கத்தில் இருக்கின்றன. சளிக்கும் அலர்ஜிக்கும் தரும் குளோர்பெனிரமின், பல தூக்க மாத்திரைகளில் இருக்கும் டைபென்ஹைட்ரமின், சிறுநீர்ப்பைக்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின், வலிக்கும் மனச்சோர்வுக்கும் தரும் அமிட்ரிப்டிலின் எல்லாம் அந்த வகை. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் டயஸிபாம், அல்பிரஸோலாம், குளோனஸிபாம் வேறு வகை, ஆனால் அவையும் ஞாபகத்தைக் குழப்பும், இரவில் எழுந்து நடக்கும்போது தள்ளாட வைத்து விழவும் வைக்கும். அப்பா வாங்கிப் போடுவது எது என்று நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள், முக்கியமாக டயஸிபாம் வகையை. பழகிய உடம்பு திடீரென்று அது இல்லாமல் வலிப்பு வரை போகக்கூடும். டாக்டர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மறதிக்கு என்று ஒரு மாத்திரை சேர்ப்பதைவிட மறதியைக் கூட்டும் மாத்திரை ஒன்றைக் குறைப்பது பல சமயம் அதிகப் பலன் தரும்.

அதே சந்திப்பில் ரத்தப் பரிசோதனையையும் கேட்டுவிடுங்கள். பி12, தைராய்டு இரண்டும் பார்த்தார்களா? சுகருக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுகிறவர்களுக்கும், அசிடிட்டிக்கு ஒமெப்ரஸோல், பான்டோபிரஸோல் மாதிரி மாத்திரைகளை விடாமல் எடுப்பவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம். குறைந்திருந்தால் அதை ஈடுகட்டுவது எளிது, கவனிக்காமல் விட்டால் நரம்பே கெடும். சுகர் மாத்திரையோ ஊசியோ தாழ்சர்க்கரை வரவைக்கிறதா என்பதையும் கேளுங்கள். வயதானவர்களுக்குச் சுகர் அடிக்கடி ரொம்பக் கீழே இறங்குவது மூளைக்கு நல்லதில்லை. மனச்சோர்வையும் பார்க்கச் சொல்லுங்கள். எரிச்சல், எதிலும் ஆர்வமின்மை, அதிகாலை விழிப்பு இவையெல்லாம் மறதியோடு சேர்ந்தும் வரும், மறதி மாதிரி வேஷம் போட்டும் வரும்.

அடுத்து காது. இதைச் சொல்லும்போது பல குடும்பங்கள் ‘அது வயசானா அப்படித்தான் டாக்டர்’ என்று நகர்ந்துவிடுகிறார்கள், எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. காது மங்கினால் மூளை பாதி வார்த்தையைக் கேட்டு மீதியை ஊகிக்கவே தன் சக்தியைச் செலவழிக்கிறது, கேட்டதைப் பதிந்துவைக்க மிச்சம் இருப்பதில்லை. அப்புறம் ஆள் மெதுவாகப் பேச்சிலிருந்தே ஒதுங்கிவிடுவார், கூட்டத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். லான்செட் மருத்துவ இதழின் டிமென்ஷியா ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளைப் பட்டியலிட்டது. அவை எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் டிமென்ஷியாவில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணிப்பு. அந்தப் பட்டியலில் கேட்கும் திறன் குறைவு மிகப் பெரிய காரணிகளில் ஒன்று, சரிசெய்யாத பார்வைக் குறைவை அந்த ஆண்டுதான் புதிதாகச் சேர்த்தார்கள். காது மெஷின் போட்டால் உண்மையிலேயே பலன் உண்டா என்று பார்க்க 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரை மூன்று வருடம் கவனித்த ஆய்வு ஒன்றின் முடிவு 2023இல் வந்தது. மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்து அதிகமாக இருந்த பிரிவினரில், மெஷின் போட்டவர்களுக்கு அறிவாற்றல் தேய்ந்த வேகம் 48 சதவீதம் குறைவாக இருந்தது. அப்பா பி.பி.யும் சுகரும் இருக்கும் 71 வயதுக்காரர், நான் அவரை அந்தப் பிரிவுக்குப் பக்கத்தில்தான் வைத்துப் பார்ப்பேன். முதலில் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், பிறகு கேட்புத்திறன் பரிசோதனை. மெஷின் வாங்கி முதல் வாரம் ‘எல்லாம் இரைச்சலா இருக்கு’ என்று கழற்றி வைத்துவிடுவார். மூளை அந்தச் சத்தத்துக்குப் பழகச் சில வாரங்கள் ஆகும், அளவைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டியும் இருக்கும். விட்டுவிடாதீர்கள். கண்புரை இருந்தால் அதையும் தள்ளிப்போட வேண்டாம்.

பி.பி.க்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், பி.பி. இப்போது எவ்வளவு இருக்கிறது என்று எழுதவில்லை. அதுதான் எனக்கு வேண்டிய தகவல். மூளைக்குள் போகும் ரத்தக் குழாய்களில் பல மயிரிழைபோல மெல்லியவை. அழுத்தம் வருடக்கணக்கில் கூடுதலாக இருந்தால் அவை தடித்து அடைபடும், ஸ்கேனில் சின்னச் சின்ன வெள்ளைத் திட்டுகளாகத் தெரிவதில் நிறைய அப்படி வந்ததுதான். ஸ்பிரின்ட் மைண்ட் என்ற ஆய்வில் 50 வயதைத் தாண்டிய பி.பி. உள்ள 9,361 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மேல் எண்ணை 120க்குக் கீழேயும் இன்னொரு பிரிவுக்கு 140க்குக் கீழேயும் வைத்தார்கள். 2019இல் வந்த முடிவு: 120க்குக் கீழே வைத்தவர்களில் எம்.சி.ஐ. வந்தவர்கள் 19 சதவீதம் குறைவு. டிமென்ஷியாவும் குறைந்தது, ஆனால் அது உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. சுகர் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை, அதனால் அப்பாவுக்கு எந்த எண் சரி என்பதை அவருடைய டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். எழுந்து நிற்கும்போது தலைசுற்றுகிறதா என்பதையும் பார்த்துத்தான் குறைக்க முடியும், விழுந்து தலையில் அடிபட்டால் எல்லாம் வீண். நீங்கள் செய்யக்கூடியது, இரண்டு வாரம் காலையும் மாலையும் வீட்டிலேயே அளந்து எழுதிக்கொண்டு போவது. மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா, மறந்துபோய் இரண்டு தடவை போடுகிறாரா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

தூக்கத்தைப் பற்றி ஒன்று கேட்கிறேன். குறட்டை விடுகிறாரா? நடுவில் மூச்சு நின்று, பிறகு திணறித் தொடங்குகிறதா? பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுகிறாரா? அப்படியென்றால் ஸ்லீப் ஆப்னியா இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். அது இருப்பவர்களுக்கு இரவு முழுக்க ஆக்ஸிஜன் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், ஆழ்ந்த தூக்கமே கிடைக்காது, தூக்க மாத்திரை அதை இன்னும் மோசமாக்கக்கூடும். நேற்றுக் கேட்டதை மூளை நிலையாகப் பதிந்துவைப்பதில் பெரும்பகுதி ஆழ்ந்த தூக்கத்தில்தான் நடக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள், தூக்கத்தில் கத்துவது, கை கால் வீசுவது, கனவில் வருவதை அப்படியே நடித்துக்காட்டுவது மாதிரி ஏதாவது உண்டா? இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், நோய் எந்த வகை என்று கண்டுபிடிக்க அது முக்கியமான தடயம்.

இனி பயிற்சி. மூளைக்குப் பயிற்சி வேண்டும் என்றதும் எல்லோரும் போனைத்தான் எடுக்கிறார்கள், நான் கால்களைத்தான் பார்ப்பேன். 2018 வழிகாட்டுதலில் எம்.சி.ஐ.க்கு மருந்து எதையும் பரிந்துரைக்கவில்லை, வாரத்துக்கு இரண்டு முறையாவது உடற்பயிற்சி என்றுதான் சொன்னார்கள். காரணம் இருக்கிறது. டிமென்ஷியா இல்லாத 120 முதியவர்களை வைத்து நடந்து, 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வாரத்துக்கு மூன்று நாள், 40 நிமிடம் வரை வேகமாக நடந்தவர்களுக்கு ஒரு வருடத்தில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி, புது ஞாபகங்களைப் பதியும் இடம், சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது. உடம்பை வளைத்து நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அதே காலத்தில் அது சுருங்கியிருந்தது. நடைப்பயிற்சி என்றால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உலாத்துவது இல்லை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். வாரத்துக்கு 150 நிமிடம் இலக்கு, 10 நிமிடத்தில் தொடங்கினாலும் போதும். அதோடு வாரத்துக்கு இரண்டு நாள் தசைக்கு வேலை, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, படி ஏறுவது மாதிரி. சமநிலைக்கும் கொஞ்சம், சுவர் ஓரமாக நின்று ஒற்றைக் காலில். இதயக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு. தனியாக அனுப்பாமல், அவருக்குப் பிடித்த ஒருவரோடு அனுப்புங்கள். பேசிக்கொண்டே நடக்கும்போது காலுக்கும் வேலை, மூளைக்கும் வேலை, ஆள் துணையும் கிடைக்கிறது, நாளைக்கும் போக வேண்டும் என்ற எண்ணமும் வருகிறது.

எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தால்? பின்லாந்தில் ஃபிங்கர் என்ற ஆய்வில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேர் கலந்துகொண்டார்கள். பாதிப் பேருக்கு உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பி.பி., சுகர் கண்காணிப்பு நான்கையும் ஒன்றாகக் கொடுத்தார்கள். இரண்டு வருட முடிவில் அறிவாற்றல் சோதனையில் அவர்களுடைய முன்னேற்றம் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் அதே மாதிரி நடந்து 2025இல் முடிவு வெளிவந்த பாயின்டர் ஆய்வில், தாங்களாகவே திட்டம் போட்டுக்கொண்டவர்களும் முன்னேறினார்கள், ஒழுங்கான அட்டவணையும் குழுக் கூட்டமும் இருந்தவர்கள் கொஞ்சம் கூடுதலாக முன்னேறினார்கள். இரண்டிலும் சேர்ந்தவர்கள் ஆபத்து உள்ளவர்களே தவிர எம்.சி.ஐ. நோயாளிகள் இல்லை, அதனால் அதே எண்ணை அப்பாவுக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் இவற்றில் எதுவும் அவருடைய இதயத்துக்கும் சுகருக்கும் கெடுதல் செய்யப்போவதில்லை என்பதால் தயங்கவும் காரணம் இல்லை. உணவுக்குத் தனியாக மந்திரப் பட்டியல் எதுவும் கிடையாது. காய்கறி, கீரை, பழம், பருப்பு, கொட்டை வகைகள் அதிகமாக, மீன் சாப்பிடுபவர் என்றால் மீன், உப்பும் இனிப்பும் பொரித்ததும் குறைவாக. புகையை விட வேண்டும், மது இருந்தால் அதையும். அவ்வளவுதான்.

ஞாபக சக்தி மாத்திரைக்கு வருவோம். அந்த மாத்திரைகள் பலவற்றில் இருக்கும் ஜின்கோ என்ற மூலிகையை 75 வயதைத் தாண்டிய 3,069 பேருக்கு வருடக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். டிமென்ஷியா குறையவில்லை என்று 2008இல் முடிவு வந்தது. எம்.சி.ஐ. உள்ள 769 பேருக்கு வைட்டமின் இ, அல்சைமருக்குத் தரும் டோனெபெசில், வெற்று மாத்திரை என்று மூன்று பிரிவாகக் கொடுத்து மூன்று வருடம் பார்த்தார்கள். வைட்டமின் இ எதுவும் செய்யவில்லை. டோனெபெசில் முதல் வருடம் கொஞ்சம் தாங்கியது, மூன்றாவது வருடம் வித்தியாசமே இல்லை. உங்கள் டாக்டர் மாத்திரை எழுதாமல் அனுப்பியது அலட்சியத்தால் இல்லை, நானாக இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். அந்தப் பணத்தைக் காதுக்குச் செலவழியுங்கள். லெகானெமாப், டோனனெமாப் என்ற புது ஊசி மருந்துகளைப் பற்றி எங்காவது படித்திருப்பீர்கள், 2023, 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. மூளையில் அமைலாய்டு என்ற அல்சைமர் தொடர்பான புரதம் படிந்திருப்பது பரிசோதனையில் உறுதியானவர்களுக்கு மட்டும்தான் அவை. நோய் நகரும் வேகத்தை ஓரளவு குறைக்கும், போன ஞாபகத்தைத் திருப்பித் தராது. மூளையில் வீக்கமோ ரத்தக்கசிவோ வரலாம் என்பதால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். அப்பாவுக்குப் பொருந்துமா என்பது அடுத்த கட்டப் பேச்சு, இன்றைக்கு அவசரப்பட வேண்டியதில்லை.

இப்போது நான் அதிகம் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். வாழ்நாள் முழுக்கக் கணக்கு எழுதிய மனிதரிடமிருந்து கணக்கை வாங்கிக்கொண்டு, பதிலுக்குப் போனில் வண்ணக் கட்டங்களை அடுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அவர் எரிந்து விழுவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அன்பினால் செய்தீர்கள் என்று தெரியும், பயத்தில் எல்லாக் குடும்பமும் இதைத்தான் செய்கிறது. ஆனால் எம்.சி.ஐ.யில் இருக்கும் மூளைக்கு மிகச் சிறந்த பயிற்சி, அதற்கு ஏற்கெனவே தெரிந்த, அர்த்தமுள்ள, அடுத்தவருக்குப் பயன்படுகிற வேலை. போன் விளையாட்டில் பழகினால் பெரும்பாலும் அந்த விளையாட்டில்தான் தேறுவார், பில் கட்டுவதில் தேற வேண்டுமானால் பில்தான் கட்ட வேண்டும்.

‘இரண்டு முறை கட்டிவிட்டாரே’ என்பீர்கள். ஆமாம், அதற்குத்தான் பக்கத்துணை வேண்டும், வேலையைப் பறிக்க வேண்டாம். கணுக்கால் சுளுக்கியவருக்குக் கைத்தடி கொடுத்து நடக்கவைப்போமே, படுக்கவைத்தால் நல்ல காலும் சேர்ந்து மெலிந்துவிடும், அப்படித்தான் இதுவும். ஒரு கணக்கு நோட்டு, அதற்கு ஒரே இடம். பில் வந்ததும் எழுத வேண்டும், கட்டியதும் அடித்துத் தேதி போட வேண்டும், அடிக்காத பில்லை மட்டுமே கட்ட வேண்டும். மாதா மாதம் ஒரே தொகை போகிறவற்றைத் தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடலாம். பெரிய தொகை என்றால் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துத்தான் என்று அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். கணக்கில் பணம் போனால் உங்கள் போனுக்கும் செய்தி வரட்டும், இதை அவருக்குத் தெரிந்தே செய்யுங்கள். பணக் கணக்கில் தடுமாற்றம் சீக்கிரமே வரக்கூடியது, போனில் பேசி ஏமாற்றுகிறவர்கள் குறிவைப்பதும் இவர்களைத்தான், அதனால் இந்தக் காவல் தேவை. வாரத்துக்கு ஒரு நாள் உட்கார்ந்து நோட்டை அவர் உங்களுக்கு விளக்கட்டும், நீங்கள் அவரைச் சோதிக்க வேண்டாம்.

சோதிப்பது என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. ‘காலையில் என்ன சொன்னேன், நல்லா யோசிச்சுப் பாருங்க’ என்று கேட்பதை வீட்டில் எல்லோரும் நிறுத்துங்கள். புது விஷயம் பதியும் இடத்தில்தான் கோளாறு. பதியாத ஒன்றை எவ்வளவு யோசித்தாலும் எடுக்க முடியாது, அவமானம்தான் மிஞ்சும். பழக்கங்கள் மூளையில் வேறு வழியாகப் பதிகின்றன, அந்த வழி இன்னும் நன்றாகவே இருக்கும். ஆகவே ஞாபகத்தை நம்பாமல் பழக்கத்தை உண்டாக்குங்கள். சட்டைப்பையில் அடங்கும் ஒரு சின்ன நோட்டு, அதில் ஒரு நாளுக்கு ஒரு பக்கம்: போக வேண்டிய இடம் நேரத்தோடு, செய்ய வேண்டியது, நடந்தது. காலையில் காபியோ டீயோ குடிக்கும்போதும், மதியச் சாப்பாட்டின்போதும், படுக்கும் முன்னும் அதைத் திறக்க வேண்டும். முதல் சில வாரங்கள் நீங்கள் கூடவே இருந்து, அவர் கேட்கும்போதெல்லாம் ‘நோட்டுல பாத்துடலாம் வாங்கப்பா’ என்று சேர்ந்து பார்த்தால், பிறகு கை தானாகப் பைக்குப் போகும். இப்போதே தொடங்க வேண்டும் என்கிறேன், ஏனென்றால் புதுப் பழக்கம் பிடிக்கும் திறன் இன்று இருக்கிற அளவுக்குப் பின்னால் இருக்காமல் போகலாம். சாவி, கண்ணாடி, பணப்பை மூன்றுக்கும் ஒரே தட்டு. மாத்திரைக்கு நாள்வாரியாகப் பிரித்த டப்பா.

இதெல்லாம் அவருக்குத் தெரியாமல் நடக்காது. ஆகவே பெயரைச் சொல்லிவிடுங்கள். தனக்கு ஏதோ ஆகிறது என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும், வீட்டில் எல்லோரும் கிசுகிசுப்பதும் தெரியும், தெரியாதது அதன் அளவு மட்டும்தான். அந்த அளவைப் பெரும்பாலும் நிஜத்தைவிடப் பெரிதாகத்தான் கற்பனை செய்திருப்பார். முடிந்தால் டாக்டரிடம் சொல்லவைத்துப் பக்கத்தில் இருங்கள். நீங்களே சொல்வதென்றால் நீட்டி முழக்க வேண்டாம்: ‘அப்பா, டெஸ்ட்ல உங்க ஞாபகம் வயசுக்கு இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் குறைஞ்சிருக்குன்னு வந்திருக்கு. இது டிமென்ஷியா இல்ல. இப்படியே நிக்கலாம், கூடலாம், குறையவும் செய்யலாம். நம்ம பக்கத்துலேர்ந்து செய்ய நிறைய இருக்கு, நீங்க சொல்ற வரிசையில செய்வோம்.’ சொல்லிவிட்டு அவரைப் பேசவிடுங்கள். கணக்கை வாங்கிக்கொண்டதற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டால் நல்லது. சொத்து, உயில், பிற்காலத்தில் மருத்துவ முடிவுகளை யார் எடுப்பது என்ற பேச்சையும் இந்த வருடத்துக்குள் அவரே தொடங்க உதவுங்கள், அவர் விருப்பம் தெளிவாக இருக்கும்போதே எழுத்தில் வந்துவிட வேண்டும். வண்டி ஓட்டுகிறவர் என்றால் ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து போய்ப் பாருங்கள், தெரிந்த பாதையிலும் தடுமாறினாலோ புதுக் கீறல்கள் வண்டியில் தெரிந்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆறு மாதம் காத்திருக்கக் கூடாத சில நேரங்கள் உண்டு. முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சு குழறுவது என்றால் அது பக்கவாதமாக இருக்கலாம், அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. மாதக்கணக்கில் இல்லாமல் ஓரிரு நாளிலேயே குழப்பம் கூடினால், ஆள் தெரியாமல் பேசினால், பகலெல்லாம் மந்தமாகவும் இரவில் பதற்றமாகவும் இருந்தால், ‘மறதி முத்திப்போச்சு’ என்று உட்கார்ந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீர்ச்சத்து குறைவு, புதிதாகச் சேர்த்த ஒரு மருந்து இப்படி ஏதோ ஒன்று பின்னால் இருக்கும், அதைச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடுவார். தலையில் அடிபட்டு இரண்டு மூன்று வாரம் கழித்துத் தலைவலி, தூக்கக் கலக்கம், நடை மாற்றம் வந்தாலும் அப்படித்தான், மண்டைக்குள் ரத்தம் மெதுவாகக் கசிந்து தேங்கியிருக்கலாம், உடனே ஸ்கேன் வேண்டும். மறதியோடு நடையும் மாறி, கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல நடந்து, சிறுநீரும் அடக்க முடியாமல் போனால், மூளையில் நீர் தேங்கும் ஒரு நிலை இருக்கிறது, அதற்கு அறுவை சிகிச்சையால் பலன் கிடைக்கக்கூடும்.

ஆறாவது மாதம் போகும்போது வீட்டில் அளந்த பி.பி. தாள், மாத்திரைப் பை, காது பரிசோதனை முடிவு, அப்பாவின் சட்டைப்பை நோட்டு நான்கும் கையில் இருக்கட்டும். காது மெஷினைப் போட்டுக்கொண்டுதான் இந்த முறை டெஸ்ட் எடுக்க வேண்டும். டாக்டர் கேள்வி கேட்டால் நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள், முதலில் அப்பா சொல்லட்டும். நீங்கள் கவனித்ததில் அவர் எதிரில் சொல்லத் தயங்குவது ஏதாவது இருந்தால், முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள்.